நான்கு பருவம் வீரர், நாற்பது வருடம் பயிற்சியாளர்

1935-ம் ஆண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த இளைஞர் ஒருவரை இரண்டு தொழில்முறை ஃபுட்பால் அணிகள் கூப்பிட்டன. ஒன்று கிரீன் பே பேக்கர்ஸ், இன்னொன்று டெட்ராய்ட் லயன்ஸ். இரண்டையும் மறுத்துவிட்டு, யேல் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளர் வேலைக்குப் போனார் அவர். அங்கே சட்டம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. முழுநேர வேலையில் இருப்பவருக்குச் சட்டப் படிப்பு ஒத்துவராது என்று கல்லூரி முதலில் இடம் தரவில்லை. அவர் விடவில்லை. 1938-ல் உள்ளே நுழைந்தார், 1941-ல் பட்டம் வாங்கினார். 1974-ல் அமெரிக்காவின் 38-வது ஜனாதிபதி ஆனார். அவர்தான் ஜெரால்ட் ஃபோர்ட்.

அவருடைய ஆட்ட வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1932, 1933 என இரண்டு வருடமும் மிச்சிகன் தேசிய சாம்பியன். ஃபோர்ட் அப்போது பெரும்பாலும் மாற்று வீரர். 1934-ல் அவர் முதல் வரிசைக்கு வந்தபோது அணி எட்டு ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றது. அந்த மோசமான வருடத்தில்தான் சக வீரர்கள் அவரை அணியின் மிக மதிப்புமிக்க வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. அதை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். எங்கிருந்து வருகிறார்கள், எப்படி மேலே போகிறார்கள், விழுந்தால் எப்படி எழுகிறார்கள் என்று பார்த்தால், எந்த வேலையில் இருப்பவருக்கும் உதவும் பாடங்கள் கிடைக்கும். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நேரடியாகவே பயன்படும்.

1. முதலில் கணக்கைப் பாருங்கள்

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கீழ் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபுட்பால் வீரர்கள் ஆடுகிறார்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்க ஆண்டுதோறும் நடத்தும் டிராஃப்டில் ஏழு சுற்றுகளிலும் சேர்த்துச் சுமார் 260 பேருக்குத்தான் இடம். ஓர் ஆண்டில் டிராஃப்டுக்குத் தகுதி பெறும் கல்லூரி வீரர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவோர் 1.6 சதவீதம் என்பது என்.சி.ஏ.ஏ.வின் மதிப்பீடு.

நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் வேறு வேலைதான் பார்க்கப் போகிறார்கள். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். பதினெட்டு வயதிலேயே இதைத் தெரிந்துகொள்பவர்கள் இரண்டாவது வழியையும் சேர்த்தே திட்டமிடுகிறார்கள். இருபத்திரண்டு வயதில் தெரிந்துகொள்பவர்களுக்குத்தான் அது இடியாக இறங்குகிறது.

2. அழைப்பு வராவிட்டாலும் கதவைத் தட்டுங்கள்

பெரும்பாலான நட்சத்திரங்கள் பள்ளி நாட்களிலேயே கல்லூரிகளின் உதவித்தொகையோடு வருகிறார்கள். அது கிடைக்காமல், சொந்தச் செலவில் சேர்ந்து, தகுதித் தேர்வில் ஆடிக் காட்டி அணிக்குள் வருபவருக்கு ‘வாக்-ஆன்’ என்று பெயர்.

பேக்கர் மேஃபீல்ட் டெக்சாஸ் டெக்கிலும் பிறகு ஓக்லஹோமாவிலும் வாக்-ஆனாகவே சேர்ந்தார். 2017-ல் கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மேன் கோப்பை, 2018 டிராஃப்டில் முதல் இடம். ஜே.ஜே.வாட் சென்ட்ரல் மிச்சிகனில் கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு விஸ்கான்சினில் வாக்-ஆனாகச் சேர்ந்தார். இடையில் பீட்சா டெலிவரி செய்தார். பிறகு என்.எஃப்.எல்.லின் தலைசிறந்த தடுப்பு வீரர்களில் ஒருவரானார்.

ஒரு எச்சரிக்கை. 2025-ல் ஒரு பெரிய வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு பல அணிகளில் 120 பேருக்கு மேல் இருந்தார்கள். பெரிய கல்லூரிகளில் வாக்-ஆன் வாசல் குறுகிவிட்டதால், சிறிய கல்லூரிகளின் பட்டியலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பட்டத்தைக் கைவிடாதீர்கள்

இப்போது கல்லூரி வீரர்களுக்கும் பணம் வருகிறது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே வருமானத்தில் பங்கு தரலாம். பிடிக்காத கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற 2018-ல் தொடங்கிய ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் எல்லாப் பாடங்களின் மதிப்பெண்ணும் புதுக் கல்லூரியில் செல்லுபடியாகாது. மாறுவதற்கு முன் பயிற்சியாளரிடம் பேசுங்கள். அதைவிட முக்கியமாக, பட்டம் எந்த ஆண்டு கைக்கு வரும் என்று கல்வி ஆலோசகரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

நோட்ர டேமில் ஆடிய ஆலன் பேஜ், மினசோட்டா வைக்கிங்ஸில் உச்சத்தில் இருந்தபோதே சட்டம் படித்து 1978-ல் பட்டம் பெற்றார். 1993 முதல் 2015 வரை மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. ஃபுளோரிடா ஸ்டேட்டில் ஆடிய மைரன் ரோல், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 2010 டிராஃப்டில் ஆறாவது சுற்றில் தேர்வானார். ஆட்ட வாழ்க்கை நீளவில்லை. மருத்துவம் படித்து மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் ஆனார். இருவருக்கும் படிப்பு ஆட்டக் காலத்திலேயே தொடங்கிவிட்டது, ஆட்டம் முடிந்தபின் தேடிய ஆறுதலாக இருக்கவில்லை.

4. பயிற்சியாளர் ஏணியின் படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆட்டம் முடிந்தும் மைதானத்தை விட்டுப் போக மனமில்லாதவர்களுக்கு இந்தப் பாதை. படிகள் இவை:

• கிராஜுவேட் அசிஸ்டென்ட்: முதுகலை படித்துக்கொண்டே வேலை. கல்விக் கட்டணமும் சிறு தொகையும் கிடைக்கும். எதிரணியின் ஆட்ட வீடியோவை வெட்டிப் பிரிப்பது, அவர்களுடைய உத்திகளை அட்டையில் வரைந்து பயிற்சியில் காட்டுவது, பார்க்க வரும் பள்ளி வீரர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது எல்லாம் இவர் பொறுப்பு.

• அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல்: திரைக்குப் பின்னால் ஆய்வு வேலை. மைதானத்தில் நேரடியாகப் பயிற்சி தர இவர்களுக்கு முன்பு அனுமதி இல்லை. 2024-ல் என்.சி.ஏ.ஏ. அந்தத் தடையை நீக்கியது, புதியவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

• பொசிஷன் கோச்: குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரிசீவர் (அதைப் பிடிப்பவர்), தடுப்பு வரிசை என ஒரு பிரிவுக்கு முழுப் பொறுப்பு. ஊர் ஊராகப் போய் வீரர்களின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவதும் இவர் வேலைதான்.

• கோஆர்டினேட்டர்: தாக்குதல் அல்லது தடுப்பு முழுவதற்கும் தலைவர். முன்னணிக் கல்லூரிகளில் இவருடைய ஆண்டுச் சம்பளம் 20 லட்சம் டாலரையும் தாண்டும். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கு 1996 முதல் பிராய்ல்ஸ் விருது தரப்படுகிறது.

• தலைமைப் பயிற்சியாளர்: ஏணியின் உச்சி.

பருவம் நடக்கும்போது வீரர்களை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டு வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்று விதி உண்டு. பயிற்சியாளர்களுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. இந்த வேலைக்குள் நுழையும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

5. பதவியைவிட ஆசானைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

நிக் சேபனுக்குப் பயிற்சியாளர் ஆகும் எண்ணமே இருந்ததில்லை. கென்ட் ஸ்டேட்டில் அவர் படிப்பு முடிந்தபோது மனைவி டெர்ரிக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. காத்திருக்கும் அந்த வருடத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்டாக இரு என்று பயிற்சியாளர் டான் ஜேம்ஸ் சொன்னார். 1973-ல் அப்படித் தொடங்கியவர் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது தலைமைப் பயிற்சியாளராக ஏழு தேசியப் பட்டங்கள் வென்றிருந்தார். ஒன்று எல்.எஸ்.யு.வில், ஆறு அலபாமாவில்.

கிர்பி ஸ்மார்ட் எடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. ஜார்ஜியாவில் ஆடியவர், டிராஃப்டில் தேர்வாகவில்லை. வால்டோஸ்டா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் 2001-ல் தடுப்புக் கோஆர்டினேட்டர் ஆகிவிட்டார். அடுத்த வருடமே அந்தப் பதவியை விட்டுவிட்டு, ஃபுளோரிடா ஸ்டேட்டில் தலைமைப் பயிற்சியாளர் பாபி பவுடனிடம் கிராஜுவேட் அசிஸ்டென்டாகப் போய்ச் சேர்ந்தார். ஏணியில் மூன்று படி கீழே இறங்கியதுபோல் இருந்தது. பெரிய கல்லூரியில் கற்கும் வாய்ப்புக்காக அவர் கொடுத்த விலை அது. 2004-ல் எல்.எஸ்.யு.வில் சேபனின் குழுவுக்குள் போனபோது, வால்டோஸ்டாவில் உடன் வேலை பார்த்த வில் மஸ்சாம்ப் ஏற்கெனவே அங்கே இருந்தார். சேபனிடம் பல வருடம் இருந்த ஸ்மார்ட், 2016-ல் ஜார்ஜியாவுக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2021, 2022 பருவங்களில் அடுத்தடுத்துத் தேசியப் பட்டம்.

நீங்கள் எந்தத் துறையில் இருந்தாலும் அடுத்த வேலையை ஏற்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே எனக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்? பதில் இல்லையென்றால் சம்பளம் அதிகமாக இருந்தாலும் யோசியுங்கள்.

6. கல்லூரி அணியில் ஆடாதவர்களுக்கும் இடம் உண்டு

மைக் லீச் கல்லூரியில் ஃபுட்பால் ஆடியதே இல்லை. பி.ஒய்.யு.வில் ரக்பி ஆடினார், பெப்பர்டைனில் சட்டம் படித்தார். வக்கீலாகாமல் 1987-ல் கால் பாலியில் சொற்பச் சம்பளத்துக்குத் துணைப் பயிற்சியாளர் ஆனார். பின்லாந்தில்கூடப் போய்ப் பயிற்சி தந்தார். ஐயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர் ஹால் மம்மியோடு சேர்ந்து அவர் வளர்த்த ‘ஏர் ரெய்ட்’ எறிதல் முறை, ஆட்டத்தின் போக்கையே மாற்றியது. 2000-ல் டெக்சாஸ் டெக்கின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

காலி பிரவுன்சன் பெண்கள் ஃபுட்பால் அணியில் ஆடியவர். 2018-ல் டார்ட்மவுத் கல்லூரிக்குத் தற்காலிகப் பயிற்சி வேலைக்கு வந்து, அப்படியே நிரந்தரமாக்கப்பட்டார். முதல் டிவிஷன் கல்லூரி ஃபுட்பாலில் முழுநேரப் பயிற்சியாளரான முதல் பெண் அவர். பிறகு என்.எஃப்.எல்.லுக்குப் போனார். கேட்டுப் பெற்ற சின்ன வாய்ப்பைச் சரியாகச் செய்து காட்டியதுதான் இருவரும் உள்ளே வந்த வழி.

7. வேலை போகும் நாளுக்கும் தயாராக இருங்கள்

தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அவருக்குக் கீழே இருந்த குழு முழுவதும் பெட்டி கட்ட வேண்டிவரும். தனிப்பட்ட முறையில் நன்றாக வேலை செய்திருந்தாலும் அதுதான் நடைமுறை. சேபனே 1981 பருவத்துக்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட்டில் வேலை இழந்தவர்.

டாபோ ஸ்வின்னி அலபாமாவில் வாக்-ஆன் ரிசீவராக நுழைந்து, 1992-ல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். பணத்தட்டுப்பாட்டில் கல்லூரி நாட்களில் அம்மாவும் அவரோடே தங்கிய காலம் உண்டு. அங்கேயே துணைப் பயிற்சியாளர் ஆனார், தலைமை மாறியபோது வேலை போனது. இரண்டு வருடம் பர்மிங்ஹாமில் வணிகக் கட்டடங்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2003-ல் பழைய பயிற்சியாளர் டாமி பவுடன் கிளெம்சனுக்கு அழைத்தார். 2008 அக்டோபரில் பருவத்தின் நடுவில் தற்காலிகத் தலைமைப் பொறுப்பு வந்தது, பிறகு நிலைத்தது. 2017 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டம். ஒரு விநாடி மிச்சம் இருக்கையில் அலபாமாவுக்கு எதிராக வெற்றிப் பந்தைப் பிடித்த ஹன்டர் ரென்ஃப்ரோவும் வாக்-ஆனாக வந்தவர்தான்.

ஸ்டீவ் சர்கீசியனுக்கு மதுப் பழக்கத்தால் 2015-ல் யு.எஸ்.சி. தலைமைப் பதவி போனது. சிகிச்சை எடுத்துக்கொண்டு, 2016-ல் அலபாமாவில் அனலிஸ்டாகக் கீழ்ப்படியிலிருந்து தொடங்கினார். 2020-ல் பிராய்ல்ஸ் விருது, 2021-ல் டெக்சாஸின் தலைமைப் பயிற்சியாளர்.

வேலை போனால் மூன்றைச் செய்யுங்கள். உடல்நலமோ பழக்கமோ பிரச்சினை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வருமானத்துக்கு வேறு நேர்மையான வேலை கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய ஆசான்களோடும் சகாக்களோடும் பேச்சை நிறுத்தாதீர்கள்.

8. சின்ன இடமானாலும் சொந்தப் பொறுப்பு

கர்ட் சிக்னெட்டி சேபனின் அலபாமா குழுவில் இருந்தவர். 2011-ல், ஐம்பது வயதை நெருங்கும்போது, அந்த வேலையை விட்டு, அவருடைய அப்பா முன்பு பயிற்சி தந்த ஐ.யு.பி. என்ற இரண்டாம் டிவிஷன் கல்லூரிக்குத் தலைமை ஏற்கப் போனார். பிறகு ஈலான், ஜேம்ஸ் மேடிசன். 2024-ல் நெடுங்காலமாகத் தோல்விகளுக்குப் பெயர்போன இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் பருவத்திலேயே 11 வெற்றி. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் அதுவரை ஓர் ஆண்டில் அத்தனை வெற்றி கிடைத்ததில்லை.

சில வருடம் பெரியவரிடம் கற்றபின், முடிவுகளை நீங்களே எடுக்க வேண்டிய இடத்துக்குப் போங்கள். தவறுகளைத் திருத்திக்கொள்ளச் சிறிய இடம் நேரம் கொடுக்கும்.

இந்த மாதமே தொடங்குங்கள்

• உங்கள் துறையில் கற்றுக்கொடுப்பதில் பெயர் பெற்ற ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

• பயிற்சியாளர் ஆக விரும்புகிறவர்கள், 1922-ல் தொடங்கிய அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் சங்கம் ஒவ்வொரு ஜனவரியிலும் கூட்டும் மாநாட்டுக்குப் போங்கள். முதல் வேலைக்கான பேச்சு பலருக்கும் அந்த மாநாடு நடக்கும் ஹோட்டலின் முகப்புக் கூடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

• நீங்கள் செய்த வேலையைக் காட்டும் மாதிரி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஓர் ஆட்டத்தின் ஆய்வு, ஒரு பயிற்சித் திட்டம், எதுவானாலும் சரி.

• இப்போது இருக்கும் வேலையில் யாரும் கவனிக்காத ஒரு பகுதியை எடுத்து, அதைப் பழுதில்லாமல் செய்யுங்கள்.

யேலில் ஃபோர்ட் பயிற்சி தந்த மாணவர்களில் ராபர்ட் டாஃப்ட் ஜூனியர், வில்லியம் பிராக்ஸ்மயர் இருவரும் பின்னாளில் செனட்டர்கள் ஆனார்கள். ஃபோர்ட் ஜனாதிபதியானபோதும் அந்த மாணவர்கள் இருவரும் செனட்டில் இருந்தார்கள். துணைப் பயிற்சியாளராக அவர் மைதான ஓரத்தில் நின்ற காலம் சில வருடங்கள்தான். அங்கே அவரிடம் கற்றவர்களும், அங்கிருந்து அவர் எட்டிப் பிடித்த படிப்பும் கடைசிவரை அவரோடு வந்தன. தொழில்முறை அணிகள் தரவிருந்த சம்பளத்தைவிட, இவைதான் அவர் சம்பாதித்த பெரிய சொத்து.