பனியூர்

சுவிட்சர்லாந்து நாட்டின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைநடுவே, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் செயின்ட் மோரிட்ஸ் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க்கு முதலிற் புகழ் தந்தது பனியன்று, நீரே. ஆங்கு இரும்புச்சத்து மிக்க ஊற்றொன்று சுரக்கின்றது. அவ்வூற்றுக்கு இறக்கப்பட்டிருந்த மரவுறை 1907ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அம்மரங்கள் கி.மு. 1411இல் வெட்டப்பட்டவை என அவற்றின் வளையங்களைக் கொண்டு அறிஞர் கணித்துள்ளனர். அத்துணைப் பழைமையுடையது அவ்வூற்று!

நோய் தீர வேண்டுவோர் கோடையில் வந்து, அந்நீரைப் பருகியும் ஆடியும் செல்வர். குளிர்காலத்திலோ விடுதிகள் அடைபட்டுக் கிடக்கும். ஊரார்க்கு வருவாய் இல்லை. 1864ஆம் ஆண்டில் யோகன்னஸ் பத்ருத் என்னும் விடுதித் தலைவர், குளிர்காலத்திலும் வந்து தங்குமாறு ஆங்கில விருந்தினர் சிலரை அழைத்தார். மனநிறைவு பெறாவிடின் வழிச்செலவைத் தாமே தருவதாகப் பந்தயமும் கூறினார் என்பர். வந்தவர் இளவேனில் வரை அகலவில்லையாம். விடுதியார் வழிவழிச் சொல்லும் கதையாதலின் சற்றே கூட்டியும் சொல்லியிருப்பர். எனினும், அதன்பின் அவ்வூரிற் குளிர்காலமும் விருந்தினர் பருவமாயிற்று.

பின்னர், சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் விரையும் விளையாட்டு அங்குப் பரவியது. 1928, 1948 ஆகிய ஈராண்டுகளிலும் குளிர்கால ஒலிம்பிக் விழா அங்கே நிகழ்ந்தது. முதல் விழாவின்போது வெப்பக் காற்று வீசிப் பனிக்கட்டி இளகியமையால், 10,000 மீட்டர் சறுக்கோட்டம் இடையிலேயே கைவிடப்பட்டது.

இன்று உலகின் வெம்மை மிகுகின்றது. ஆல்ப்ஸ் மலையிற் பனி தங்கும் எல்லை மேலேறி வருகின்றது. நீரை நுண்துளியாகத் தூவிப் பனியாக்கும் பொறிகளை நிறுவியுள்ளனர். அவற்றிற்கும் உறைகுளிர் வேண்டுமே! செயின்ட் மோரிட்ஸ் உயரத்தில் இருத்தலின் தாங்கி நிற்கின்றது. ஆல்ப்ஸ் மலையின் தாழ்ந்த சரிவுகளிற் சறுக்குத் தளங்கள் பல மூடப்பட்டுவிட்டன.