விதைக்கு விட்ட காயை எப்போது பறிப்பது?

எஹலியகொட பக்கத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் கிடைத்தாலும் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை என்று ஏதாவது போட்டுவிடுகிறோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சாமான் விலை ஏறியபோது அந்தச் சின்னப் பாத்தியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கடையில் விதை வாங்காமல் சொந்த விதை எடுத்தால் அந்தக் காசு மிச்சம். ஆனால் எடுத்துப் பார்த்த பலர், “சேர், விதை போட்டோம், பாதிகூட முளைக்கல்லியே” என்கிறார்கள். பல வேளைகளில் காயை முற்றுமுன் பறித்ததுதான் காரணம்.

ஏன் முற்ற வேண்டும்?

தாய்ச்செடி காய்க்குள் இருக்கும் விதைக்கு உணவு அனுப்பிக்கொண்டே இருக்கும். விதை முளைத்து இலை விடும் வரை அந்தச் சேமிப்பில்தான் உயிர் வாழ வேண்டும். அது நிறையுமுன் காயைப் பறித்தால் விதை சுருங்கிப்போகும். முளைத்தாலும் நாற்று நோஞ்சானாக இருக்கும். போத்தலில் வைத்தாலும் சீக்கிரம் கெட்டுவிடும். நாம் கறிக்குப் பறிக்கும் கத்தரி, வெண்டி, பயற்றை எல்லாம் இளங்காய்கள். அவற்றின் விதை நடுவதற்கு உதவாது.

எந்தக் காய், எந்தப் பருவம்?

கத்தரி: ஊதா நிறம் மாறி, நன்றாக மஞ்சளாகிப் பழுக்க வேண்டும்.

மிளகாய், தக்காளி: முழுச் சிவப்பாக வேண்டும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பதைத் தடுக்கும். சாற்றோடு ஒன்றிரண்டு நாள் புளிக்க வைத்துக் கழுவுங்கள்.

வெண்டி, பயற்றை: காய் செடியிலேயே பச்சை மாறிக் காய வேண்டும்.

பூசணி: காம்பு காய்ந்தபின் பறித்து, இரண்டு மூன்று கிழமை வீட்டுக்குள் வைத்து அப்புறம் வெட்டுங்கள். பறித்த பின்னும் உள்ளே விதை முற்றும்.

நம் ஊர் மழை

முற்றட்டும் என்று அளவுக்கு மீறி விட்டுவைப்பதும் நட்டம். இரத்தினபுரி மாவட்ட மழையில் காய்ந்த பயற்றங்காய் நனைந்தால் விதை பூஞ்சணம் பிடிக்கும், காய்க்குள்ளேயே முளைத்தும் விடும். ஆகவே நிறம் மாறியதும் பறித்து, கூரைக்குக் கீழே காற்றாட உலர்த்துங்கள். கொதிக்கிற தகரத்தின் மேல் காயப்போட வேண்டாம்; சூட்டில் விதை செத்துவிடும். நன்கு காய்ந்த விதையை உலர்ந்த சாம்பலோடு போத்தலில் போட்டு இறுக மூடி வையுங்கள்.

காயவிடக் கூடாத விதைகள்

எல்லா விதைக்கும் இந்த முறை சரிவராது. தேயிலை, ரப்பர், பலா, றம்புட்டான் விதைகள் காய்ந்தால் உயிர் போய்விடும். ரப்பர்க் காய் வெடித்து விழுந்ததும் சில நாட்களுக்குள் விதையைத் தவறணையில் போட வேண்டும். தேயிலைக் காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம் எடுக்கும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த காலத்தில் விதையைத்தான் நம்பியிருந்தார்கள். தேயிலை விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி, அமிழ்வதை எடுப்பது பழைய தோட்ட வழக்கம். உள்ளே பருப்பு நிறைந்த விதைதான் அமிழும்.

நடுமுன் ஒரு சோதனை

20 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பயற்றை நாலைந்து நாளில் முளைக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பத்துப் பதினைந்து நாள் பொறுக்க வேண்டும். 15 முளைத்தால் நூற்றுக்கு 75, தாராளமாக நடலாம். பாதிக்குக் குறைந்தால் அந்த விதையை நம்பிப் பாத்தி கொத்த வேண்டாம்.

இன்னொன்று: பையில் கலப்பின விதை என்று போட்டிருந்தால், அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. சாதாரண இனத்தில்தான் விதை எடுக்க வேண்டும்.

இந்த முறை காய்க்கும்போது, நோயில்லாத நல்ல செடி ஒன்றைப் பார்த்து, அதில் இரண்டு மூன்று காய்க்கு நூல் கட்டி விடுங்கள். அது விதைக்காய் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். கறிச்சட்டிக்குப் போகாமல் அந்தக் காய்கள் தப்பினால், அடுத்த முறைக்கு வேண்டிய விதை வீட்டிலேயே இருக்கும்.