வண்டி ரிப்பேரும் சம்மதமும்

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோட்டுக்கும் தர்மபுரிக்கும் கார் ஓட்டிப் போய்வரும் அன்பர்கள் பலர் உண்டு. ஆகையால் இவ்வாரம் பட்டறைக் கணக்கைப்பற்றிச் சிறிது விளக்குவோம்.

ஒருவர் பிரேக் சரியில்லையென்று காரைப் பட்டறையில் விடுகிறார். ரூ. 2,500 ஆகுமென்று பேச்சு. மறுநாள் போனால், கிளட்ச் பிளேட்டும் மாற்றியாயிற்று, மொத்தம் ரூ. 9,000 என்கிறார் மெக்கானிக். மாற்றாவிட்டால் வண்டி நடுவழியில் நின்றிருக்கும் என்பது அவர் வாதம். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் கேள்வி அதுவன்று. கேளாமல் செய்த வேலைக்கு வண்டிக்காரர் கடன்பட்டவரா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70-ஆம் பிரிவில், ஒருவர் இனாமாக அல்லாமல் சட்டப்படி செய்த காரியத்தின் பலனை மற்றவர் அனுபவித்தால், ஈடு கொடுக்கவேண்டும் அல்லது பொருளைத் திருப்பவேண்டும் என்கிறது. இதைப் படித்தால் நியாயம் மெக்கானிக் பக்கம் என்று தோன்றும். ஆனால் மேற்கு வங்காள அரசுக்கும் பி. கே. மண்டல் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது: மறுக்கவோ திருப்பவோ ஒருவருக்கு வழியிருக்கவேண்டும், மனமொப்பி ஏற்றுக்கொண்டால்தான் கடன். ஆகவே சாவியை வாங்குமுன்பே, "புது பிளேட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள், பழையதையே பூட்டுங்கள்" என்று சொல்லிவிடவேண்டும். (இந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பில் குறைவதுண்டு!) வாய்மூடி மூன்று மாதம் ஓட்டிவிட்டுப் பிறகு வழக்காடினால் வழக்கு நிற்பது கடினம்.

பணம் வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கலாமா? சொன்ன வேலையைச் செய்து முடித்தவர் அதன் கூலிக்காக நிறுத்தி வைக்க 170-ஆம் பிரிவு இடந்தருகிறது. பிரேக் வேலைக்குரிய ரூ. 2,500-ஐயும் சேர்த்து மறுப்பது உழைத்தவன் கூலியைப் பிடிப்பதாகும். அதை உடனே கொடுத்து ரசீது கேளுங்கள். மீதிக்காகவும் வண்டியை விடமாட்டேன் என்றால், அவசரமுள்ளவர் முழுவதும் கட்டி, "ஆட்சேபணையுடன் கொடுத்தேன்" என்று பில்லில் எழுதி, நகல் வைத்துக்கொள்ளலாம். இரவோடிரவாக மாற்றுச் சாவி போட்டு வண்டியை எடுத்துவரும் வீரம் வேண்டாம்.

பிறகு 2 ஆண்டுக்குள் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்கு மேற்படாதாயின் கட்டணமில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம்.

வண்டியை விடும்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் செய்யவேண்டிய வேலை, பேசிய தொகை, உங்கள் தொலைபேசி எண் மூன்றையும் எழுதி, "வேறு வேலை தென்பட்டால் கேட்டுச் செய்க, பழைய சாமான்களை வைத்திருக்க" என்று சேர்த்து, மெக்கானிக்கின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.