தென்சீனக் கடல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தென்சீனக் கடலின் தீவுகளுக்கும் நீர்ப்பரப்புக்கும் சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனை ஆகியவை ஒன்றோடொன்று முரண்படும் உரிமைகளைக் கோரிவருகின்றன. ஒரு தீவு யாருக்கு உரியது என்பதும், அத்தீவால் எவ்வளவு கடல் கிடைக்கும் என்பதும் வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்ட இருவேறு கேள்விகளாக இருந்தும் ஒன்றாகக் கருதப்படுவதே, இப்பூசலைப் பற்றிய பல தவறான நம்பிக்கைகளுக்குக் காரணமாகும்.

நம்பிக்கை: தீவு, அதற்கு மிக அருகிலுள்ள நாட்டுக்கே சொந்தம்.

உண்மை: 1982இல் கையெழுத்தாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, நிலத்தின் உரிமையாளர் யார் என்பதைத் தீர்மானிப்பதில்லை. அதைப் பொதுப் பன்னாட்டுச் சட்டமே தீர்மானிக்கிறது. அச்சட்டமோ அண்மையைவிட, நீண்டகாலம் அமைதியாக நடத்தப்பட்ட நிர்வாகத்துக்கே எடை தருகிறது. சிபடான், லிகிடான் தீவுகளுக்காக இந்தோனேசியாவும் மலேசியாவும் வழக்காடியபோது, ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்தியது, பறவைக் காப்பிடம் அமைத்தது போன்ற நிர்வாகச் செயல்களைக் கருதியே பன்னாட்டு நீதிமன்றம் 2002இல் மலேசியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நம்பிக்கை: எந்தத் தீவைச் சுற்றியும் 200 கடல் மைல் உரிமை உண்டு.

உண்மை: மீன்வளத்தையும் கடலடி வளங்களையும் பயன்படுத்தும் உரிமை தரும் 200 கடல் மைல் பரப்பு, பிரத்தியேகப் பொருளாதார மண்டலம் எனப்படுகிறது. மனிதர் வாழவோ தனக்கென ஒரு பொருளாதார வாழ்வைத் தாங்கவோ இயலாத பாறைக்கு இம்மண்டலம் கிடையாது; கரைநாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட 12 கடல் மைல் ஆட்சிக்கடல் மட்டுமே உண்டு. ஓதத்தின்போது மூழ்கி, நீர் வற்றும்போது மட்டும் வெளித்தெரியும் திட்டுக்கு அதுவும் தனியே கிடைப்பதில்லை. தைவானின் பிடியில் உள்ள இட்டு அபா, தென்சீனக் கடலிலுள்ள ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய இயற்கைத் தீவாக இருந்தும், வெளியிலிருந்து வரும் பொருள்களை நம்பிப் படையினர் தங்கியிருப்பதைக் குடியிருப்பாகக் கொள்ள முடியாது என்பதால், பிலிப்பைன்ஸ் சீனாமீது தொடுத்த வழக்கில் அதையும் பாறை என்றே 2016இல் நடுவர் தீர்ப்பாயம் வகைப்படுத்தியது.

நம்பிக்கை: மணலைக் கொட்டி உயர்த்தினால் திட்டு தீவாகிவிடும்.

உண்மை: ஒரு திட்டின் தகுதி அதன் இயற்கை நிலையைக் கொண்டே அளக்கப்படுகிறது. செயற்கைத் தீவுக்கு ஆட்சிக்கடல் இல்லை. பெரும்பாலும் 500 மீட்டருக்கு மிகாத பாதுகாப்பு வளையம் மட்டுமே அமைக்கலாம். ஆகவே சீனா விமான ஓடுதளம் அமைத்துள்ள மிஸ்சீஃப் திட்டு, சட்டத்தின் பார்வையில் இன்றும் நீர் வற்றும்போது தெரியும் திட்டே.

நம்பிக்கை: சீனா பங்கேற்காததால் 2016 தீர்ப்பு செல்லாது.

உண்மை: ஒரு தரப்பு வராதிருப்பது விசாரணைக்குத் தடையாகாது என்றும், தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும் உடன்படிக்கையே கூறுகிறது; சீனாவும் அதன் உறுப்பு நாடு. எனினும் தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் காவற்படை எதுவும் இல்லாததால், அது மதிக்கப்படுவது அரசியல் விருப்பத்தையும் பிற நாடுகளின் அழுத்தத்தையும் பொறுத்ததாகிறது.

நம்பிக்கை: அத்தீர்ப்பு தீவுகளைப் பிலிப்பைன்ஸுக்கு வழங்கியது.

உண்மை: எந்தத் தீவு யாருக்கு உரியது என்பதைத் தீர்ப்பாயம் தொடவேயில்லை; எல்லை வரையறையை இத்தகைய விசாரணையிலிருந்து விலக்கிச் சீனா 2006இல் அறிவிப்பு அளித்திருந்ததால், எல்லைக்கோட்டையும் அது வரையவில்லை. உடன்படிக்கை அனுமதிக்கும் வரம்புகளைத் தாண்டி, ஒன்பது கோட்டுத்துண்டுகளால் சீனா வரைந்த எல்லைக்குள் வளங்கள்மீது வரலாற்று உரிமை கோரச் சட்ட அடிப்படை இல்லை என்று அது கூறியது. ஸ்ப்ராட்லியின் எந்தத் தீவும் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தைத் தராது என்று முடிவானபின், அவை அனைத்தும் சீனாவுடையவை என்றே வைத்துக்கொண்டாலும், அவற்றைச் சுற்றி 12 கடல் மைலுக்கு அப்பாலுள்ள பிலிப்பைன்ஸின் மண்டல உரிமை குறையாது என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும்.