வண்டியில் வெந்நீர்

டில்லியில் தை மாதம். காலை ஏழு மணி. பனிமூட்டத்தில் எதிரே வரும் ஆள் தெரிவதில்லை. குளிர் நாலு, ஐந்து டிகிரிக்கு இறங்கிவிடும்.

அந்தக் குளிரில் ஒரு கணவனும் மனைவியும் வேலைக்குக் கிளம்புகிறார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கடைக் கண்ணாடிகளையும் அலுவலக ஜன்னல்களையும் கழுவுவது அவர்கள் தொழில். சொந்தமாக ஒரு பழைய மூடிய வண்டி உண்டு. அதற்குள் தண்ணீர்த் தொட்டி, பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு, ரப்பர் குழாய், நீண்ட கம்புகள்.

கோடையில் இது சுகமான வேலை. குளிர்காலத்தில் விரல் மரத்துப் போகும். புறா எச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் குளிர்ந்த நீரில் லேசில் விடாது. வெதுவெதுப்பான நீர் பட்டால் ஒரு தேய்ப்பில் போய்விடும்.

"ஏங்க, நம்ம வீட்டில் இருக்கிற கேஸ் கீசர் மாதிரி ஒன்று வண்டியில் வைத்தால் என்ன?" என்று மனைவிதான் கேட்டார்.

கணவருக்கும் அது பிடித்திருந்தது. கீசர் ஒன்று வாங்கினார். சிலிண்டருக்கு வீட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். இருவரும் தெருக்கோடியில் இருக்கும் வயதான மிஸ்திரியிடம் போனார்கள். தெருவில் எல்லோரும் அவரைச் சாச்சா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தியில் சாச்சா என்றால் சித்தப்பா.

"எங்கே மாட்ட வேண்டும்?" என்று கேட்டார் சாச்சா.

"வண்டிக்குள்ளே, தொட்டிக்குப் பக்கத்தில். கதவைச் சாத்திவிட்டால் மழை படாது. யாரும் திருடவும் முடியாது."

சாச்சா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "அதை மட்டும் நான் செய்யமாட்டேன்" என்றார்.

பிறகு ஒரு மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றித் தரையில் நிறுத்தினார். தேநீர் கிளாஸை அதன் மேல் கவிழ்த்தார். தீ சுருங்கியது. சற்று நேரத்தில் அணைந்தது.

"மெழுகு தீர்ந்ததா? திரி தீர்ந்ததா? இரண்டும் இருக்கின்றன. தீ எரிய வேண்டிய காற்றுதான் தீர்ந்தது" என்றார்.

கீசரும் காற்றைத் தின்கிறது. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு கிலோ சமையல் வாயு முழுதாக எரிய சுமார் 13,000 லிட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரைச் சுடவைக்கும் கீசர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ வாயுவை எரிக்கும்.

மனைவி இரவு வகுப்பில் கணக்குப் படித்தவர். பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். வண்டியின் உள்நீளம் 7 அடி. அகலம் 5 அடி. உயரம் 6 அடி. பெருக்கினால் 210 கன அடி. ஒரு கன அடிக்கு சுமார் 28 லிட்டர். 5,880 லிட்டர் வந்தது.

"அரை மணிக்குக்கூடக் காணாதே!" என்றார்.

"அரை மணி எதற்கு? சில நிமிடங்களே போதும்" என்றார் சாச்சா. "மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. கீசர் உடனே அணையாது. காற்று குறையக் குறைய அரைகுறையாக எரியும். ஆபத்து அங்கேதான்."

தீ அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை. வாசனையில்லை. கண்ணும் எரியாது. சமையல் வாயு கசிந்தால் நாற்றம் வரும். கசிவு தெரியட்டும் என்றே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். இந்த நச்சு வாயுவுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை.

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை இரத்தம்தான் உடம்பெங்கும் சுமந்து செல்கிறது. நச்சு வாயு உள்ளே போனால் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலை வலிக்கும். பிறகு தலை சுற்றும். குமட்டும். கால் துவளும். எழுந்து கதவைத் திறக்க நினைத்தாலும் உடம்பு கேட்காது.

மனைவியின் முகம் மாறியது.

"போன வாரம் நம்ம பெண் குளித்துவிட்டு வந்து தலை சுற்றுது என்று படுத்தாளே" என்றார் மெதுவாக.

வீட்டுக் கீசர் குளியலறைக்குள் இருந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பெண்ணுக்கு இரத்தசோகை என்று நினைத்துப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்கள்.

அன்று வண்டி வேலை நின்றது. சாச்சா நேரே வீட்டுக்குப் போய்க் கீசரைக் கழற்றினார். மறுநாள் அதை வெளிச்சுவரில், திறந்த இடத்தில் மாட்டினார். தண்ணீர்க் குழாயை மட்டும் குளியலறைக்குள் விட்டார். ஜன்னல் அட்டையை மனைவி பிய்த்தெறிந்தார். பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னார்கள்.

"உள்ளே போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை என்றால் என்ன செய்வது?" என்று கணவர் கேட்டார்.

"கதவைத் திற. உடைத்தாவது திற. ஆளைத் திறந்த வெளிக்குத் தூக்கி வா. நீயும் உள்ளே நிற்காதே. கேஸை மூடு. 112க்குப் போன் செய்" என்றார் சாச்சா. கேஸ் கசிவுக்கு வேறு எண் உண்டு. அது 1906.

நாலு நாள் கழித்து வண்டிக்கு வந்தார்கள். கீசரை வண்டியில் மாட்டவே இல்லை. கால் வைத்த ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டினார்கள். வேலை இடத்தில் தாங்கியையும் சிலிண்டரையும் கீழே இறக்கி, திறந்த வெளியில் வைப்பது என்று முடிவு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வண்டிக்குள் கசிந்தால் தரையில் தேங்கும். பக்கத்தில் பம்பு ஓடுகிறது. ஒரு பொறி போதும். ஆகவே வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். சிலிண்டர் படுக்காமல், நிமிர்ந்து, சங்கிலியால் கட்டியிருக்க வேண்டும். வண்டித் தரையை ஒட்டிக் காற்றுப் போகும் துளைகளும் போட்டார்கள்.

வீட்டு சிலிண்டரைச் சாச்சா தொடவில்லை. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு. அதைத் தொழிலுக்கு எடுத்தால் சட்டப்படி குற்றம். கடைகளுக்கு உள்ள 19 கிலோ சிலிண்டரை வாங்கினார்கள். விலை கூடுதல்தான். கணவர் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

சிலிண்டர் வந்ததும் மனைவி அதன் கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தார். ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருந்தன. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன். சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர். டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்து எண் ஆண்டு. பி-28 என்றால் 2028 ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும். கெடு தாண்டியதை வாங்கக் கூடாது.

மறுநாள் காலை ஒரு துணிக்கடை வாசலில் தாங்கியை இறக்கினார்கள். பம்பு ஓடியது. தண்ணீர் பாய்ந்ததும் கீசர் தானே பற்றிக்கொண்டது. தீ நீலமாக எரிந்தது. மஞ்சளாக எரிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சாச்சா சொல்லியிருந்தார். சூட்டைக் கை பொறுக்கும் அளவில் வைத்தார்கள். கொதிக்கும் நீர் பட்டால் குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும்.

கடைக் காவலாளி போர்வையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"கொஞ்சம் கை நனைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

மனைவி குழாயை அவர் பக்கம் திருப்பினார்.