படப்புத் தூசியும் பிறவிக் குறையும்

கேள்வி: அக்கா மகனுக்கு ஆறு வயது. அடிக்கடி சீழ்க்கட்டி, இப்போது நுரையீரலில் பூஞ்சை என்கிறார்கள். சோளத்தட்டைப் படப்புப் பிரிக்கையில் பக்கத்தில் நின்றான். அதனாலா, சொந்தத்தில் கட்டியதாலா?
– வாசகர், திருச்சுழி

பதில்: அருப்புக்கோட்டைப் பக்கம் படப்புத் தூசி படாத பிள்ளை ஏது? அதிலுள்ள ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளை நம் வெள்ளையணுக்கள் விழுங்கிக் கொன்றுவிடும். சில பிள்ளைகளுக்கு அவை விழுங்கும், கொல்லாது. 'சிஜிடி' எனும் அந்தப் பிறவிக் குறையாக இருக்கலாம். டிஎச்ஆர் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தாயின் எக்ஸ் குரோமோசோம் வழி வந்திருந்தால் சொந்தக் கல்யாணத்தின் மேல் பழி இல்லை. மற்ற வகைகளுக்கு மாமன் மகள், அக்கா மகள் சம்பந்தம் வாய்ப்பைக் கூட்டும். (சம்பந்தியோடு சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.) உறுதியானால் தினமும் இட்ராகோனசோல், கோட்ரைமாக்ஸசோல். எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாக வழியுண்டு. வேலூர் சிஎம்சியில் 1986 முதலே மஜ்ஜை மாற்று நடக்கிறது. படப்புப் பிரிக்கும் நாளில் பையன் வேறு தெருவில் இருக்கட்டும். தம்பி பிறந்தால், பிசிஜி ஊசிக்கு முன்பே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.