பிரபலம் வைத்திருந்த கேமராவா? பார்த்து வாங்குவது எப்படி?

பேர் பெற்ற ஆலையின் சாக்கில் அரிசி வந்து கடை வாசலில் இறங்குகிறது. சாக்கின் மேல் அச்சு சரியாக இருக்கிறது. தையலும் சரியாக இருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு நாம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவோமா? மாட்டோம். குத்தூசியை விட்டு மாதிரி எடுப்போம். உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம். பில்லில் உள்ள விவரமும் மூட்டையில் உள்ள விவரமும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்போம். இதெல்லாம் நமக்குப் பழகிப் போன காரியம். ஆனால் பழக்கமில்லாத சரக்கு ஒன்று, அதுவும் கைபேசித் திரையில் வந்து நின்றால், பழகிய இந்த எச்சரிக்கையை நாமே மறந்து போகிறோம்.

சென்ற ஆண்டு நம் சங்க உறுப்பினர் ஒருவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், இணையத்தில் வந்த விளம்பரம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். பிரான்ஸ் நாட்டின் உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் பயன்படுத்திய லைக்கா எம்3 கேமரா விற்பனைக்கு என்று அதில் இருந்தது. 1948ஆம் ஆண்டில் மகாத்மா காந்தியின் கடைசி நாளை அவர் படம் எடுத்தது இதே கேமராவில்தான் என்றும் எழுதியிருந்தது. விலை ஆறு லட்சம் ரூபாய். மாலைக்குள் முன்பணம் ஐம்பதாயிரம் அனுப்ப வேண்டும்.

"அண்ணாச்சி, பணம் அனுப்பிட்டீங்களா?" என்று முதலில் கேட்டோம்.

"இன்னும் இல்ல. கடைக்குப் பின்னால கிடங்கு எடுத்துக் கட்ட வச்சிருந்த பணம். இதை வாங்கி வித்தா நாலு கிடங்கு கட்டலாம்னு பையன் சொல்றான். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதால்தான் நாமும் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தோம். படித்ததை மற்ற உறுப்பினர்களும் அறிவது நல்லது என்று இங்கே தருகிறோம். கேமராவுக்கு மட்டுமல்ல, பிரபலத்தின் கைக்கடிகாரம், பேனா, கிரிக்கெட் மட்டை எதற்கும் இந்த முறை பொருந்தும்.

எதற்கு விலை கொடுக்கிறோம்?

லைக்கா, ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்துக் கேமரா. அதை வடிவமைத்தவர் ஓஸ்கர் பார்னாக். 1925இல் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, சோதனைக்காக இருபதுக்குச் சற்று மேற்பட்ட கேமராக்களைச் செய்து பார்த்தார்கள். அந்த வரிசையில் 122ஆம் எண் கேமரா 2018இல் ஏலத்தில் 24 லட்சம் யூரோவுக்குப் போனது. அதே வரிசையில் 105ஆம் எண் கேமரா 2022இல் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. 105ஆம் எண், பார்னாக் தாமே வைத்துப் பயன்படுத்தியது. அவர் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

இரண்டும் ஒரே வரிசைச் சரக்கு. இடையில் நான்கு ஆண்டுகளில் சந்தை ஏறியிருக்கும் என்று வைத்துக் கொண்டாலும், விலை ஆறு மடங்கு ஆனதற்குப் பெரிய காரணம் அந்தப் பெயர்தான். ஆகவே வாங்குகிறவர் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். கேமராவுக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை. லைக்கா எம்3 அபூர்வமான சரக்கு அல்ல. இரண்டு லட்சத்துக்கும் மேல் தயாரானது. நல்ல நிலையில் உள்ளது ஓரிரு லட்சம் ரூபாய் அளவில் கிடைக்கும். ஆறு லட்சம் கேட்டால் மீதி நான்கு லட்சம் பெயருக்கு. கேமராவைச் சோதித்துவிட்டுப் பெயரைச் சோதிக்காமல் விட்டால், பெரிய தொகைக்குச் சோதனையே இல்லை என்று ஆகிவிடும்.

இதற்கு மூன்று கேள்விகள் போதும். அவற்றை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: சரக்கு அசலா?

லைக்காவைப் பார்த்து அப்படியே செய்யப்பட்ட கேமராக்கள் உண்டு. அன்றைய சோவியத் நாட்டில், உக்ரைனின் கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் என்ற கேமராவும், மாஸ்கோவுக்கு அருகில் 1948 முதல் ஜோர்க்கி என்ற கேமராவும் தயாராயின. இரண்டும் பழைய லைக்காவின் சாயல். அவை தம் சொந்தப் பெயரில் வந்த நல்ல கேமராக்கள்தான். பிற்காலத்தில் சிலர் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு லைக்கா என்று பொறித்தார்கள். தங்க முலாம் பூசினார்கள். ஜெர்மன் விமானப்படைச் சின்னம், 1936 பெர்லின் ஒலிம்பிக் சின்னம் எல்லாம் பொறித்தார்கள். சில ஆயிரம் ரூபாய் சரக்கு இப்படிப் பல மடங்கு விலைக்குப் போகிறது. மிளகில் பப்பாளி விதை கலப்பது போலத்தான். பார்வைக்கு ஒன்று போல இருக்கும்.

பப்பாளி விதையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது போல, இதற்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு உள்ளே மேல்பக்கம் பார்க்க வேண்டும். தூரத்தை அளக்கும் கருவிக்கு லென்ஸின் அசைவைக் கொண்டு செல்லும் சிறு உறுப்பு அங்கே இருக்கும். தூரமானி உள்ள பழைய லைக்காவில் அது உருளும் சிறு சக்கரம். ஃபெட், ஜோர்க்கி வகைகளில் பெரும்பாலும் அது ஆப்பு போன்ற முனை. லென்ஸைக் கழற்றிய படத்தை அனுப்பச் சொன்னால், போலிக்காரர் பலர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

இந்தச் சோதனை திருகு லென்ஸ் உள்ள பழைய வகைக்கு. எம்3 வகையில் வேறொரு தந்திரம் நடக்கிறது. தொழிற்சாலையிலேயே கறுப்பு வண்ணம் பூசி வந்த எம்3 கேமராக்கள் குறைவு, அதனால் விலை அதிகம். வெள்ளிப் பளபளப்பு உள்ள சாதாரண கேமராவுக்குப் பின்னால் கறுப்புப் பூசி, அங்கங்கே தேய்த்துப் பழசாக்கி விற்பவர்கள் உண்டு. கேமரா அசல், நிறம் பொய். பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் நல்ல கைவினைஞர் ஒருவரிடம் காட்டாமல் இதை நாம் தீர்மானிக்க முடியாது.

இரண்டாம் கேள்வி: காலம் ஒத்து வருகிறதா?

இந்தக் கேள்விக்குக் கேமராவைக் கையில் வாங்க வேண்டியதில்லை. செலவும் இல்லை.

லைக்கா எம்3 முதன்முதலாக வெளிவந்தது 1954இல். அதன் வரிசை எண்கள் 700000இலிருந்து தொடங்குகின்றன. கார்ட்டியர் பிரெஸ்ஸான் காந்தியடிகளைச் சந்தித்துப் படம் எடுத்தது 1948 ஜனவரி 30 அன்று. அன்று மாலைதான் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இறுதி ஊர்வலத்தையும் கார்ட்டியர் பிரெஸ்ஸான் படம் எடுத்தார். அப்படியானால் 1954இல் பிறந்த கேமரா 1948இல் எப்படிப் படம் எடுத்திருக்கும்?

நம் உறுப்பினர் கொண்டு வந்த விளம்பரம் இந்த ஒரு வரியிலேயே விழுந்துவிட்டது. அந்த எம்3 அசலாகவே இருக்கலாம். அதன் தலையில் கட்டிய கதை அசல் அல்ல.

இன்னொரு உதாரணம். போர்க்களப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா, 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகளோடு இறங்கிப் படம் எடுத்தார். அன்று அவர் கையில் இருந்தது கான்டாக்ஸ் கேமரா. 'காப்பா நார்மண்டியில் பயன்படுத்திய லைக்கா' என்று யாராவது விற்க வந்தால், லைக்காவைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனவே விளம்பரத்தைப் படித்தவுடன் மூன்று ஆண்டுகளைத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். கேமரா வகை வெளிவந்த ஆண்டு, அந்த வரிசை எண் தயாரான ஆண்டு, கதை நடந்ததாகச் சொல்லும் ஆண்டு. மூன்றும் ஒத்து வராவிட்டால் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

மூன்றாம் கேள்வி: கைமாறிய வழி தெரிகிறதா?

சரக்கும் அசல், காலமும் சரி என்றே வைத்துக் கொள்வோம். அப்போதும் அது அந்தப் பிரபலத்தின் கேமரா என்று ஆகிவிடாது. கார்ட்டியர் பிரெஸ்ஸான் மக்கள் கண்ணில் படாமல் படம் எடுக்க, கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடி வைப்பார். இது ஊரறிந்த செய்தி. ஊரறிந்த செய்தி ஒருநாளும் ஆதாரம் ஆகாது. கறுப்பு நாடா எந்தக் கடையிலும் கிடைக்கும்.

முதல் ஆதாரம் தொழிற்சாலைப் பேரேடு. எந்த எண் கேமரா எந்தத் தேதியில் எந்த விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்று லைக்கா நிறுவனம் அந்நாளிலேயே பதிந்து வைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். ஆனால் இது முதல் கைமாற்றத்தை மட்டுமே சொல்லும். பாரிஸ் நகர விற்பனையாளருக்குப் போன கேமராவை அவரிடமிருந்து யார் வாங்கினார் என்று அந்தப் பேரேடு சொல்லாது.

மிக அபூர்வமாக எண்ணே ஆளைச் சொல்வதும் உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனுக்காக 1955இல் லைக்கா நிறுவனம் நான்கு கேமராக்களைத் தனியே செய்து, எம்3டி-1 முதல் எம்3டி-4 வரை எண் கொடுத்தது. அதில் இரண்டாவது, 2012 ஏலத்தில் 16 லட்சத்து 80 ஆயிரம் யூரோவுக்குப் போனது. இப்படி நேரடிச் சான்று எல்லாவற்றுக்கும் கிடைக்காது.

கிடைக்காத இடத்தில் சங்கிலியைத்தான் பார்க்க வேண்டும். புகைப்படக்காரரிடமிருந்து இன்று விற்பவர் வரை கேமரா யார் யார் கையில் இருந்தது? ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் வரிசை எண்ணோடு காகிதம் உண்டா? பழுது பார்த்த ரசீது, காப்பீட்டுப் பட்டியல், வெளிநாடு போகும்போது சுங்கத்தில் எழுதிக் கொடுத்த கருவிப் பட்டியல், குடும்பத்தார் எழுதிக் கொடுத்த கடிதம் ஆகியவை நல்ல காகிதங்கள். அவர் அந்தக் கேமராவோடு இருக்கும் பழைய படத்தில் ஒரு கீறலோ நசுங்கலோ தெரிந்து, அதே கீறல் அதே இடத்தில் இன்றும் இருந்தால் அதுவும் நல்ல சான்று.

படச்சுருளே சாட்சி சொல்வதும் உண்டு. கேமராவுக்குள் படச்சுருளின் முன்னால் உள்ள சட்டத்தின் ஓரத்தில் நுண்ணிய பிசிறுகள் இருக்கும். அவை எடுத்த ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் பதியும். கேமராவுக்குக் கேமரா இது மாறும், நம் கைரேகை போல. அந்தக் கலைஞரின் பழைய நெகட்டிவ்களைப் பாதுகாக்கும் நிறுவனம் ஒத்துழைத்தால், நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கார்ட்டியர் பிரெஸ்ஸானுக்கு அப்படிப்பட்ட அறக்கட்டளை 2003 முதல் பாரிஸில் இயங்குகிறது. விற்பவர் அங்கே விசாரித்தாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு காகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். விற்பவரே அச்சடித்து, விற்பவரே கையெழுத்துப் போட்ட 'உண்மைச் சான்றிதழ்'தான் அது. தன் தராசுக்குத் தானே முத்திரை போட்டுக் கொள்ளும் கடைக்காரரை நாம் ஏற்றுக் கொள்வதில்லை. இதுவும் அதுதான்.

இணையத்தில் வாங்கும்போது

1. உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டைக் கேமரா எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சரக்கு கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை.

2. விளம்பரப் படத்தை வைத்தே இணையத்தில் தேடிப் பாருங்கள். வேறு ஏலத்தின் பழைய படத்தை எடுத்துப் போட்டிருந்தால் தெரிந்துவிடும்.

3. விற்பனைத் தளத்துக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். பெயர் நிரூபணம் ஆகாவிட்டால் சரக்கைத் திருப்பி எடுத்துக் கொள்வதாக எழுத்தில் வாங்குங்கள்.

4. அவசரப்படுத்துகிறவரிடம் ஒரு நாள் தவணை கேளுங்கள். நல்ல சரக்கு ஒரு நாளில் கெட்டுப் போகாது.

5. வெளிநாட்டுச் சரக்கு என்றால் சுங்க வரியையும் அனுப்பும் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

6. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

எல்லாச் சோதனையும் முடிந்து, பெயருக்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? வாங்கக் கூடாது என்பதில்லை. கேமராவுக்கு உள்ள விலையை மட்டும் கொடுக்கலாம். பெயருக்கு ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். நாளை நாம் விற்கப் போகும்போது வாங்குகிறவரும் இதே மூன்று கேள்விகளைத்தான் நம்மிடம் கேட்பார்.

நம் உறுப்பினர் அன்று எங்கள் முன்னிலையிலேயே விற்பவருக்கு இரண்டு வரி எழுதினார். எம்3 வந்தது 1954இல், நீங்கள் சொல்வது 1948 ஆயிற்றே என்று கேட்டார். சீட்டு வைத்த படமும் கேட்டார். வேறு ஒருவர் வாங்கிக் கொண்டார் என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அதே விளம்பரம் 1948 என்பதை 1958 என்று மாற்றிக் கொண்டு மறுபடியும் நின்றது.

கிடங்கு வேலை தை மாதம் முடிந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இணையத்தில் போடுவதற்கும் அதே அளவுதான்.